நீலகிரியில் சிறு இசைக்குழு: கச்சேரி பிடிக்க நான் கற்ற வழி

நான் குன்னூர்க்காரி. பகலில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறேன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் நான்கு பேர் கொண்ட குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கிட்டார் என் தம்பி. பாடுகிறவர் கேத்தி பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகப் பெண். ஹட்டி என்றால் இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தின் ஊர். தாளத்துக்கு அரவங்காட்டைச் சேர்ந்த ஒரு இளைஞர். அவருடைய ஓம்னி வேனில்தான் நாங்களும் கருவிகளும் போய் வருகிறோம். குழு தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது.

போன மாதம் கோத்தகிரியில் இருந்து மூன்று கல்லூரி மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, ஊட்டியில் பதினெட்டு ஹோட்டல் ஏறி இறங்கினோம். நம்பரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை" என்றார்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள். அவர்கள் கதவைத் தட்டிய இடம் தப்பு, தட்டிய மாதமும் தப்பு. அன்று இரவு பத்து மணி வரை அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹோட்டல் வாசலில் இருந்து தொடங்காதீர்கள்

ஊட்டிக்கு வருகிற பயணியின் மாலையை யோசித்துப் பாருங்கள். காலையில் மலையேறி, பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று சுற்றிக் களைத்திருப்பார். ஆறரை மணிக்குக் குளிர் இறங்கும். குழந்தை அழும். எட்டு மணிக்குச் சாப்பிட்டு அறைக்குப் போய்விடுவார். அவருக்காக நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு மணி நேரம் வாசிக்க வைக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது. ஒரு பாடகர், ஒரு மடிக்கணினி, அதில் பின்னணி இசை: செலவு கால்வாசியில் முடிந்துவிடும். புத்தாண்டு இரவுக்கு டிஜே. பெரிய திருமணம் என்றால் கோவையில் இருந்து நிகழ்ச்சி ஏற்பாட்டாளரே குழுவையும் கூட்டிக்கொண்டு வருவார்.

சீசன் என்று நாம் நம்புவதும் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரைதான். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. மலை தாங்கவில்லை என்பதால் வந்த கட்டுப்பாடு அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பயணிகளின் தலையை எண்ணித் தொழில் செய்கிற ஹோட்டலின் மேடையை மட்டும் நம்பி ஒரு குழுவை நடத்த முடியாது என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நம் வண்டி டி.என். 43 என்கிற நீலகிரிப் பதிவெண் கொண்டது, இ-பாஸ் வேண்டாம். காலையில் கூப்பிட்டால் மாலையில் போய் நிற்கலாம். மண்சரிந்து மேட்டுப்பாளையம் பாதை அடைபட்ட ஒரு நவம்பரில், கீழிருந்து வரவேண்டிய குழு வர முடியாமல் போய், மதியம் இரண்டு மணிக்கு எங்களை அழைத்தார்கள். அந்த ஒரு திருமணத்தில் இருந்து அடுத்த இரண்டு வருடத்தில் ஏழு நிகழ்ச்சி வந்தது. மேலாளர்களிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: "நாங்கள் மலைமேலேயே இருக்கிறோம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம்."

ஹோட்டலுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூலையில் போங்கள். செவ்வாய் அல்லது புதன், மாலை மூன்றில் இருந்து நான்குக்குள். காலையில் அறை காலிசெய்யும் கூட்டம் இருக்கும், மாலையில் புதிதாக வருகிறவர்கள். மழை மாதத்தின் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மேலாளர் உட்கார்ந்து பேசுவார். செப்டம்பரில் தொடங்கும் இரண்டாம் சீசனுக்கும் கிறிஸ்துமஸ் வாரத்துக்கும் அப்போதே பேசி வையுங்கள். மேலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், புதியவருக்கு நம்மைத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது இதனால்தான்.

ஊரின் நாட்காட்டி

எங்களுக்குச் சோறு போடுவது ஊர்க்காரர்கள். ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் பக்கம் ஒதுக்கி, நீலகிரியில் எந்த ஊரில் எப்போது என்ன நடக்கிறது என்று எழுதத் தொடங்குங்கள். எங்கள் நோட்டு நிறைய இரண்டு வருடம் ஆனது.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. பேரகணியில் கூட்டம் கடல்போல் வரும். சடங்கு நடக்கும் இடத்தில் நமக்கு வேலை கிடையாது, அங்கே மைக்கோடு போய் நிற்கவும் கூடாது. ஆனால் அந்த மாதங்களில் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் ஹட்டிக்குத் திரும்பியிருப்பார்கள். வீட்டு விசேஷங்களும் ஊர்க் கூடுகைகளும் அதையொட்டி வரும். படுகர் வீட்டில் விசேஷம் என்றால் ஆட்டம் உண்டு. பாட்டி முதல் பேத்தி வரை வட்டமாக நின்று ஆடுவார்கள். அங்கே வாசிக்கத் தெரிந்த குழுவுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது.

வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருடம் நாங்கள் நான்கு படுகப் பாட்டை யூடியூபில் கேட்டுப் பழகிக்கொண்டு போனோம். மூன்றாவது பாட்டில் வேகம் கொஞ்சம் ஓடிவிட்டது. வட்டத்தின் ஒரு பக்கம் கால் வைக்கும்போது மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர் வந்து தாளக்காரரின் தோளில் கை வைத்து, "தம்பி, என் காலைப் பார்த்து அடி" என்றார். அன்றிலிருந்து தாளக்காரர் ஆடுகிறவர்களைப் பார்க்கும்படிதான் உட்காருகிறார். அந்தக் குறை பாடகி சேர்ந்த பிறகுதான் முழுதாகத் தீர்ந்தது. அவர் மொழியறிந்தவர். எந்தப் பாட்டு எந்த வீட்டில் பாடலாம், எது துக்கத்தை நினைவூட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் குழுவில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இல்லை என்றால் முதலில் அவரைத் தேடுங்கள், கருவி வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

இதனோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். இங்குள்ள பழங்குடிகளான கோத்தர்களின் குழல் இசையும் தோல்கருவி இசையும் இந்த மலையின் மூத்த இசைகளில் ஒன்று. அவற்றில் பல அவர்களுடைய கோயிலுக்கும் சாவுக்கும் உரியவை. கேட்க நன்றாக இருக்கிறது என்று அந்த மெட்டை எடுத்து கீபோர்டில் வாசித்து மேடையில் கைதட்டு வாங்காதீர்கள். கேளுங்கள், அவர்கள் சம்மதித்தால் அவர்களையே மேடைக்கு அழையுங்கள்.

ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் கோயில் தேர், குன்னூரில் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழா. பல நாள் நடக்கும் விழாக்களில் ஒவ்வொரு நாளையும் ஒரு சமூகமோ சங்கமோ ஏற்றுக்கொள்ளும். மெல்லிசை இரவுக்குப் பணம் கொடுக்கிறவர் அந்த நாளின் உபயதாரர். கோயில் அலுவலகத்தில் விசாரித்து உபயதாரர் யார் என்று கேட்டு, ஜனவரியிலேயே அவரைப் போய்ப் பாருங்கள். மார்ச்சில் போனால் வேறு குழுவுக்கு அட்வான்ஸ் போயிருக்கும்.

மே மாதம் கோடை விழா. அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி. இவற்றோடு கலை நிகழ்ச்சிகளும் நடக்கும். மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் பிப்ரவரிக்குள் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மேடையில் பணம் தாமதமாக வரலாம், அதற்குத் தயாராகப் போங்கள்.

அறுவடைத் திருநாளும் கிறிஸ்துமஸும் தேவாலயங்களின் காலம். அங்கே கூலி குறைவு. ஆனால் சபையில் உட்கார்ந்து கேட்கிற இருநூறு பேரில் அடுத்த ஆறு மாதத்தில் திருமணம் வைத்திருக்கிற வீடு குறைந்தது இரண்டு இருக்கும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த குடும்பங்கள் அங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களின் லைன்களிலும், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளிலும், சுற்றிலும் வாழ்கின்றன. இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த பழைய பாடல்கள் அங்குள்ள பெரியவர்களுக்கு உயிர். புதுப் பாடல்களுக்குப் பிள்ளைகள் ஆடுவார்கள், ஆனால் குழுவை மறுபடி கூப்பிடலாமா என்று முடிவு செய்கிறவர்கள் அந்தப் பெரியவர்கள். ஒரு மாரியம்மன் திருவிழாவில் எழுபது வயது தாத்தா ஒருவர் மேடைக்கு வந்து, தாமே ஒரு பாட்டு பாடலாமா என்று கேட்டார். சுருதி சேர்த்துக் கொடுத்தேன். லைன் முழுக்க எழுந்து நின்று கேட்டது. அந்தப் பக்கத்தில் மலையாளப் பாட்டும் ஐந்தாறு கையில் இருக்க வேண்டும்.

ஆக, ஒரே பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த மாவட்டம் முழுக்கச் சுற்ற முடியாது. எங்களிடம் நான்கு பட்டியல் இருக்கிறது: கேத்தி–கோத்தகிரி, கூடலூர்–பந்தலூர், தேவாலயம், ஹோட்டல். எல்லாவற்றிலும் எங்கள் சொந்தப் பாட்டு இரண்டு உண்டு. அவற்றை ஏழாவது எட்டாவது இடத்தில் வைக்கிறோம், காது பழகியபின். சொந்தப் பாட்டு மட்டும்தான் வாசிப்போம் என்கிற இளைஞர்களின் உறுதியை மதிக்கிறேன். அதற்கு வேறு இடம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

குழுவைச் சுருக்குங்கள், ஒலியைச் சரிசெய்யுங்கள்

முதலில் நாங்கள் ஏழு பேர், முழு டிரம்ஸ், வாடகை மைக் செட். இரண்டு வண்டி வேண்டும். வருகிற பணம் வாடகைக்கே போனது. இப்போது ஒரு ஓம்னிக்குள் அடங்குவது எங்கள் அளவுகோல்: ஸ்டாண்டோடு இரண்டு 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர், எட்டு சேனல் மிக்சர், மூன்று டைனமிக் மைக், கிட்டாரை மிக்சரோடு இணைக்க ஒரு டிஐ பாக்ஸ், டிரம்ஸுக்குப் பதில் கஹோன் என்கிற மரப்பெட்டித் தாளக்கருவியும் ஒரு டோலக்கும். நூற்றைம்பது பேர் உட்காரும் கூடத்துக்கு இது போதும். சொந்த ஒலிக்கருவி உள்ள சிறு குழுவைத்தான் சின்ன வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இன்னொருவரைத் தேடுகிற வேலை மிச்சம்.

மலையின் காற்று கருவிகளைப் படுத்தும். வேனில் குளிர்ந்து கிடந்த கிட்டாரின் எஃகுத் தந்தி சுருங்கி சுருதி ஏறியிருக்கும். கூடத்தில் ஆள் சேர்ந்து சூடு ஏறியதும் இறங்கும். போனவுடன் உறையைத் திறந்து ஸ்டாண்டில் வைத்துவிட்டு, வாசிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் சுருதி சேருங்கள், முதல் பாட்டு முடிந்ததும் மறுபடி பாருங்கள். டோலக்கும் தபேலாவும் நேர்மாறு, மூடுபனி ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்கிப் போகும். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து மெதுவாகக் காயவையுங்கள், அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். கீபோர்டையும் மிக்சரையும் மட்டும் உறையோடு முக்கால் மணி நேரம் கூடத்தில் விட்டுவிடுங்கள். குளிர்ந்த பொருளின்மேல் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் நீராகப் படியும். அது உலராமல் மின்சாரம் கொடுத்து எங்கள் முதல் மிக்சரை இழந்தோம்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரிலும் மிக்சர் இன்னொரு சுவரிலும் செருகியிருந்தது. ஒரு பக்கம் எர்த் இல்லை. தம்பி தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்ட நொடியில் பின்னால் தூக்கி எறியப்பட்டான். ஆண்டவன் புண்ணியத்தில் உதடு கிழிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் இல்லாமல் நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. எல்லாக் கருவியும் எர்த் சரியாக உள்ள ஒரே இடத்தில் இருந்துதான் மின்சாரம் எடுக்கும். விளக்கு தப்பாகக் காட்டினால் மண்டபத்து எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை வாசிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஜெனரேட்டரில் ஓடுகிற இடத்தில் கீபோர்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள்.

சத்தத்தை அளவாக வைப்பதும் தொழிலில் சேர்ந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் கேத்தி போன்ற பள்ளத்தாக்கில் குளிர்காற்று அடியில் தேங்கிவிடும், அதற்கு மேலே இருக்கும் காற்று சற்று சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போய்க் கலையாமல் வளைந்து கீழிறங்கி நெடுந்தூரம் போகும். பகலில் பக்கத்துத் தெருவுக்குக் கேட்காத பாஸ், இரவில் எதிர்மலைக்குக் கேட்கும். ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வைக்காமல் மலைச்சரிவைப் பார்த்துத் திருப்புங்கள்.

அனுமதியும் உரிமையும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் அந்த விதியில் இடம் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் நெருங்கி நிற்கும் ஊட்டியிலும் குன்னூரிலும் இதை மறந்தால் நிகழ்ச்சி பாதியில் நிற்கும். அனுமதி வாங்குவது விழா நடத்துகிறவர் வேலை. ஆனாலும் அதன் நகலைப் பார்க்காமல் ஸ்பீக்கரை இறக்காதீர்கள். மசினகுடி பக்கம் காட்டை ஒட்டிய திறந்தவெளியில் ஒலிபெருக்கியோடு வாசிக்க யார் கூப்பிட்டாலும் நாங்கள் போவதில்லை. அது யானை நடக்கும் இடம்.

திரைப்பாடல்களை ஹோட்டலிலோ பொதுநிகழ்ச்சியிலோ வாசித்தால் பாடல், இசையின் உரிமையாளர்களுக்குக் கட்டணம் உண்டு. ஐபிஆர்எஸ் என்கிற சங்கம் அந்த உரிமத்தைத் தருகிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர்தான் அதை எடுக்க வேண்டும், இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். திருமணத்துக்கும் அதையொட்டிய விருந்துக்கும், சமயச் சடங்குக்கும் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. படுக ஆல்பப் பாடல்களுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் உண்டு. மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லிப் பாடுங்கள். உள்ளூர்க் கலைஞருக்கு அது பெரிய மரியாதை, அவர்களில் இரண்டு பேர் பிறகு எங்களுக்கு நிகழ்ச்சி வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள்.

பணம் பேசுவது

"சாப்பாடு போடுகிறோம், நாலு பேருக்கு உங்களைத் தெரிய வரும்" என்று ஒரு விடுதியில் சொன்னார்கள். முதல் வருடத்தில் அதை நம்பி ஆறு வாரம் சனிக்கிழமை வாசித்தோம். ஒரு அழைப்புகூட வரவில்லை, ஏனென்றால் அங்கே கேட்டவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். ஏழாவது வாரம் பணம் கேட்டதும் வேறொருவரை வைத்துக்கொண்டார்கள். இலவசமாக வாசிப்பதென்றால் ஊர்க்காரர்கள் கேட்கும் இடத்தில் வாசியுங்கள்.

எங்கள் கணக்கை வெளிப்படையாகச் சொல்கிறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு ஒலிக்கருவியோடு 14,000 ரூபாய். வேனுக்கு 1,500. மீதி 12,500ஐ ஐந்தாகப் பிரிக்கிறோம்: ஆளுக்கு 2,500, ஐந்தாவது பங்கு குழுவுக்கு. தந்தி, கேபிள், பழுது, அடுத்த ஸ்பீக்கர் எல்லாம் அதிலிருந்துதான். இந்த ஐந்தாவது பங்கைச் சொந்தச் செலவுக்கு ஒரு முறைகூடத் தொட்டதில்லை. குழு உடையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தோட்ட லைன்களுக்கும் சிறு தேயிலை விவசாயிகளின் வீட்டுக்கும் விலையைக் குறைக்கிறோம். பசுந்தேயிலை விலை விழுந்த வருடத்தில் கல்யாணத்தைச் சுருக்குகிற வீட்டில், "மூன்று பேராக வருகிறோம், ஒரு மணி நேரம் வாசிக்கிறோம்" என்று நாமே சொன்னால் அவர்கள் முகம் தெளியும். அதை அவர்கள் மறப்பதில்லை.

பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள்: தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், தொகை, அட்வான்ஸ், மின்சாரம், சாப்பாடு, கூரை. கூரை என்று எழுதுவதற்குக் காரணம் மழை. "மழை வந்தால் மேடை எங்கே மாறும், நிகழ்ச்சி நின்றால் பணம் என்ன" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். எங்கள் வழக்கம்: அட்வான்ஸ் பாதி, மீதி கடைசிச் சுற்று தொடங்குவதற்கு முன். மூன்று நாளுக்குள் ரத்துசெய்தால் அட்வான்ஸ் திரும்பாது, நாங்கள் வரமுடியாமல் போனால் முழுதும் திருப்பித் தருவோம். நிறுவனங்கள் டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அனுப்புகிற காணொளி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உண்மையான நிகழ்ச்சியில், வெட்டாமல் ஒரே காட்சியாக, அங்கே கேட்ட ஒலியோடு எடுங்கள். ஆட்கள் ஆடுவதோ கைதட்டுவதோ தெரிய வேண்டும். ஸ்டுடியோவில் மெருகேற்றியதை அனுப்பினால் நேரில் எப்படி இருக்கும் என்ற சந்தேகம் போகாது.

சொந்தப் பாட்டுக்கு ஓர் இடம்

முன்னே சொன்னது இதுதான். ஜூலை, ஆகஸ்ட் மழையில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் குன்னூரில் தெரிந்தவர் பேக்கரியின் மாடியில் முப்பது நாற்காலி போட்டு, மாதம் ஒரு ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை வாசிக்கிறோம். ஆளுக்கு நூறு ரூபாய், டீயும் வர்க்கியும் சேர்த்து. ஒலிபெருக்கி இல்லை. முழுக்கச் சொந்தப் பாட்டு, அல்லது வேறு குழுவுக்குப் பாதி நேரம். ஆறு மணிக்கு முடித்தால்தான் எடப்பள்ளிக்கும் கோத்தகிரிக்கும் பஸ் பிடித்துப் போகிறவர்கள் வருவார்கள். முதல் மாதம் பதினோரு பேர் வந்தார்கள். மழை கூரையில் இறங்குகிற சத்தத்துக்கு மேல் பாடகி மெதுவாகப் பாடியதை அந்தப் பதினோரு பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். இப்போது நாற்காலி போதவில்லை. உங்கள் ஊரிலும் ஒரு டீக்கடை மாடியோ நூலகக் கூடமோ இருக்கும். டிக்கெட் அச்சடித்து விற்பதாக இருந்தால் முன்கூட்டியே நகராட்சியில் விசாரித்துவிடுங்கள்.

இரவுப் பயணம்

ஒன்பது மணிக்கு மேல் முடிகிற நிகழ்ச்சி கூடலூருக்கு அப்பால் என்றால் தங்க இடம் தரச் சொல்கிறோம். எங்கள் பாடகியின் அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு அது. பெண்கள் உள்ள குழுவுக்கு இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். மறுத்த இடத்துக்கு நாங்கள் போகவில்லை. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் களைத்த ஓட்டுநரோடு இரவில் இறங்காதீர்கள். முதுமலையைத் தாண்டி கர்நாடகம் போவதென்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். குன்னூர், கோத்தகிரி சாலைகளில் மூடுபனிக்குள் காட்டெருமை நின்றுகொண்டிருக்கும். ஹாரன் அடிக்காமல், முகப்பு விளக்கைத் தாழ்த்தி, அது நகரும்வரை காத்திருங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, மேடையில் அதை வைத்திருப்பது கண்ணுக்கும் உறுத்தும்.

வீட்டுக்கு வந்ததும் தூக்கம் கண்ணை இழுக்கும். இருந்தாலும் கேபிள்களைத் துணியால் துடைத்துச் சுருட்டி, கிட்டார் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவிட்டுப் படுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு விழா வீட்டுக்கு ஒரு போன்: "ஐயா, எல்லாம் நல்லபடியாக முடிந்ததா?" பணத்தைப் பற்றி அந்த போனில் பேச வேண்டாம். பிறகு நோட்டை எடுத்து, அந்த ஊர்ப் பக்கத்தில் எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள், எதற்கு உட்கார்ந்தார்கள், மின்சாரம் எந்தச் சுவரில் சரியாக இருந்தது, அடுத்த விசேஷம் யார் வீட்டில் என்று எழுதி வையுங்கள்.